கழற்றிய கார்டின் பெயர்

மதுரை, ஆரப்பாளையம்
11.6.2001

வசுந்தராவுக்கு, அழகுபாண்டி எழுதுவது.

நேற்று உன் ஹாஸ்டலுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கடைசியாக எடுத்த வார்டன் அம்மா, "பேசணும்னா எழுதச் சொல்றா. எழுதுனா நீங்க கத்த முடியாதாம்" என்றார். சரி, எழுதுகிறேன். ஈமெயில் போடலாம்தான். ஆனால் எனக்கு இங்கிலீஷில் கோபம் வராது. அதனால் பெங்களூர் பஸ் ஓட்டுகிற நம் மொக்கையனிடம் கவரைக் கொடுத்து அனுப்புகிறேன். இன்று ராத்திரி கிளம்பினால் விடிந்ததும் உன் கைக்கு வந்துவிடும்.

நீ என் கம்ப்யூட்டர் கடையை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஏன் போனாய் என்று பேச இதை எழுதவில்லை. நம் கருப்பின் மேல் திருட்டுப் புகார் கொடுத்திருக்கிறார்கள். நீ பக்கத்தில் உட்கார வைத்து வேலை பழக்கினாயே, அதே கருப்பு.

பசுமலை தாண்டி, திருமங்கலம் ரோட்டில் புதிதாகக் கட்டிய பள்ளிக்கூடம் உனக்கு நினைவிருக்கும். நீ போன பிறகு அங்கே லேப் முழுக்க நாம்தான் மெஷின் போட்டோம். எல்லாவற்றிலும் கம்பெனி நெட்வொர்க் கார்டு. லீவு முடிந்து பள்ளி திறந்ததும் ஒரு மெஷின் எழுந்திருக்கவில்லை. கருப்பு போய் ஃபார்மட் அடித்து விண்டோஸ் 98 புதிதாக ஏற்றினான். நெட்வொர்க் கார்டுக்கான கம்பெனி டிஸ்கைப் போட்டால் மெஷின் ஏற்க மாட்டேன் என்கிறது. கார்டுக்கு வேறு ஏதோ பெயர் காட்டுகிறது.

இவன் வாயை மூடிக்கொண்டு என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். லேப் நடுவில் நின்று, "சார், இது நாங்க போட்ட கார்டு இல்லையே" என்று சொல்லிவிட்டான்.

லேப் சாவி விருமாண்டி என்பவனிடம் இருக்கிறது. பள்ளித் தாளாளருக்கு மச்சினன். அவன் பிடித்துக்கொண்டான். "உங்க ஆளே சொல்லிட்டான்ல? ஒண்ணு, நீங்க மொதல்லயே டூப்ளிகேட்ட மாட்டிருக்கீங்க. இல்லையா, சர்வீஸு சர்வீஸுன்னு வந்து போன இவன் ஒவ்வொண்ணா கழட்டி வித்திருக்கான். எதுன்னு நீங்களே சொல்லுங்கண்ணே."

கழற்றிப் பார்த்தால் எல்லாக் கார்டிலும் நம் கடை ஸ்டிக்கர்தான். நம் வழக்கம் உனக்குத் தெரியும். டப்பாவைப் பிரித்ததும் கம்பெனி ஸ்டிக்கரைப் பேர்த்துவிட்டு, போர்டில் அச்சடித்த பெயரையும் மறைத்து நம் ஸ்டிக்கரை ஒட்டுவோம். எங்கே வாங்கினேன் என்று பக்கத்துக் கடைக்காரன் மோப்பம் பிடிக்கக் கூடாது. ரிப்பேர் என்றால் நம்மிடமே வர வேண்டும். இன்றைக்கு அதே ஸ்டிக்கர் என் கழுத்தைப் பிடிக்கிறது. கருப்பின் பையில் அது கட்டாகக் கிடந்தது. விருமாண்டி எடுத்து எல்லார் முன்னாலும் மேஜையில் போட்டான்.

இன்னும் கேஸ் எழுதவில்லை. தினமும் காலையில் கருப்பு ஸ்டேஷனில் போய் உட்கார வேண்டும். பொழுது சாய்ந்தால் விடுகிறார்கள். வருகிற 25-ஆம் தேதி, திங்கட்கிழமை வரைக்கும்தான் பொறுப்பேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு திருட்டுக் கேஸ். எழுதிவிட்டால் எந்த ஆபீஸ், எந்த லேப் இவனை உள்ளே விடும்? இவன் அம்மா மலையம்மாள் செக்கானூரணியிலிருந்து வந்து கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால்கூடத் தேவலை.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கார்டை யாரும் தொடாமல், மெஷினில் அதன் பெயர் மட்டும் மாறுமா? நீ டிரைவர் எழுதுகிற கம்பெனியில் இருக்கிறாய். இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பதிலை மொக்கையனிடமே கொடு.

அழகுபாண்டி

பெங்களூர்
12.6.2001

அழகு அண்ணனுக்கு,

கருப்புக்காக எழுதுகிறேன். வேறு எதற்காகவும் இல்லை.

ஏன் போனேன் என்று பேச வேண்டாம் என்கிறீர்கள். பேச வேண்டாம். ஆனால் ஸ்டிக்கர் கதையை ஆரம்பித்தது நீங்கள். நான் சரி பார்த்த மெஷினை எல்லாம் "நம்ம கருப்பு பார்த்தான்" என்று சொல்லித்தானே கொடுத்தீர்கள்? பொம்பளைப் பிள்ளை கை வைத்தது என்றால் வாங்குகிறவன் யோசிப்பான் என்று. என் மேல் ஒட்டியதும் ஸ்டிக்கர்தான் அண்ணே. ஒரு தடவை கருப்பு, "இல்ல சார், இவங்க பார்த்தது" என்று சொன்னதற்கு அவனை என்ன திட்டு திட்டினீர்கள்! லேப் நடுவில் நின்று அவன் உண்மையைச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மெஷினைப் போட்டதும் அது கார்டு செருகுகிற ஒவ்வொரு ஸ்லாட்டாகப் போய், அங்கே யார் என்று கேட்கும். காலி ஸ்லாட்டில் பதில் வராது. கார்டு இருந்தால் பதில் வரும். கார்டு தன் பெயரைச் சொல்லாது. இரண்டு எண்களைச் சொல்லும். சிப்பைச் செய்தது யார் என்பதற்கு ஒன்று, எந்த மாடல் என்பதற்கு ஒன்று. விண்டோஸ் அந்த எண்களை எடுத்துக்கொண்டு தன்னிடமுள்ள பட்டியலில் தேடும். பொருந்துகிற டிரைவர், அதாவது அந்தக் கார்டோடு பேசத் தெரிந்த சின்ன புரோகிராம் இருந்தால், அதை ஏற்றிக்கொள்ளும். திரையில் நீங்கள் பார்க்கிற பெயர் பட்டியலில் எழுதியிருக்கிற பெயர்.

ஒரே சிப்பைப் பல கம்பெனிகள் வாங்கித் தங்கள் கார்டில் வைப்பார்கள். கம்பெனி டிஸ்கிலிருந்து டிரைவர் போட்டால் கம்பெனி பெயர் வரும். விண்டோஸ் தன் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொண்டால் சிப் செய்தவன் பெயர் வரலாம். எனவே, கார்டு மாறாமலே பெயர் மாற வழி உண்டு. டிஸ்க் கெட்டுப்போயிருந்தாலும் இப்படி ஆகும்.

பெயரை விடுங்கள், எண்ணைப் பாருங்கள். கருப்பு ஃபார்மட் செய்த மெஷினில் அந்த இரண்டு எண்களையும் எடுங்கள். எங்கே பார்ப்பது என்று தனித்தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். அதே சரக்கில் கடையில் மிச்சக் கார்டு இருந்தால் அதையும் ஒரு மெஷினில் செருகி எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் திருட்டே நடக்கவில்லை.

கருப்பு சாப்பிடுகிறானா? ஸ்டேஷனில் கை வைக்கவில்லையே?

வசுந்தரா

மதுரை
13.6.2001

வசுந்தரா,

உன் தாள் காலையில் வந்தது. மத்தியானமே பள்ளிக்குப் போனேன். கேட்டில் அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். என் காசில் வாங்கி நான் மாட்டிய, பதிவு செய்யத் தெரியாத கேமரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. விருமாண்டி பக்கத்திலேயே நிற்க, எண்ணை எழுதிக்கொண்டு வந்தேன்.

கடையில் டப்பா பிரிக்காத கார்டு ஒன்று மிச்சம் இருந்தது. செருகிப் பார்த்தேன்.

ஒன்றாக இல்லை. செய்தவன் எண்ணும் வேறு, மாடல் எண்ணும் வேறு. இரண்டையும் கீழே எழுதியிருக்கிறேன், நீயும் பார். என் கண் மேல் எனக்கே சந்தேகம் வந்து மூன்று தடவை சரி பார்த்தேன்.

வேறு வழி இருந்தால் சொல். இல்லை என்றாலும் எழுது.

கருப்பு சாப்பிடுகிறான். இதுவரை கை வைக்கவில்லை. "வசுந்தராகிட்ட கேட்டிருக்கேன்டா" என்று சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், "அவங்கள ஏண்ணே இதுல இழுக்குறீங்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அழகுபாண்டி

பெங்களூர்
14.6.2001

அண்ணே,

பார்த்தேன். அந்த எண் வேறு சிப்புக்கு உரியது. கார்டு மாறியிருப்பது உண்மை.

இப்போது நேராகவே கேட்கிறேன். கோபப்படுங்கள், பரவாயில்லை. நீங்கள் முதலில் போட்டது கம்பெனி கார்டுதானா? பாதி கம்பெனி கார்டு, பாதி மலிவுக் கார்டு என்று போடுகிற கடைகளை நானும் பார்த்திருக்கிறேன். உங்கள் கடையில் நான் பார்த்ததில்லை. ஆனால் நான் போய் ஒரு வருஷம் ஆகிறது.

பதில் எழுத வேண்டாம். மெஷினையே கேட்டுவிடலாம்.

விண்டோஸ் 98-க்கு ஒரு குணம் உண்டு. ஒரு கார்டைச் செருகி அது அடையாளம் கண்டுவிட்டால், பிறகு நீங்கள் கழற்றினாலும் அந்தக் கார்டின் குறிப்பை அது தூக்கிப் போடாது. திரும்ப வந்தால் உதவும் என்று வைத்துக்கொள்ளும். சாதாரணமாகத் திறந்தால், இப்போது உள்ளே இருப்பதை மட்டும் காட்டும். ரிப்பேர் பார்க்கத் திறக்கிற சேஃப் மோடில் போய், கார்டுகளின் பட்டியலான டிவைஸ் மேனேஜரைப் பார்த்தால், ஒரு காலத்தில் இருந்து இப்போது இல்லாததும் சேர்ந்து தெரியும். ஃபார்மட் அடித்த மெஷினில் எல்லாம் அழிந்திருக்கும். கருப்பு தொடாத மெஷின்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் பாருங்கள். கம்பெனி கார்டின் பெயர் இருந்தால் நீங்கள் சரியாகத்தான் போட்டீர்கள். இல்லாவிட்டால் எனக்கு இனிமேல் எழுதாதீர்கள்.

இன்னொன்று. மலிவுக் கார்டைச் செருகி மெஷினைப் போட்ட அன்றே விண்டோஸ் அதைக் கண்டுபிடித்து டிரைவர் கேட்டிருக்கும். டிரைவர் ஃபைலை உள்ளே காப்பி செய்த தேதி அந்த ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் இருக்கும். 'உருவான தேதி' என்பதைப் பாருங்கள், 'மாற்றிய தேதி' அல்ல. மாற்றிய தேதி கார்டு செய்தவன் போட்டது. முதலில் மெஷினின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது தப்பாக இருந்தால் இந்தத் தேதிக்கு மதிப்பில்லை.

இதை நீங்கள் தனியாகச் செய்யாதீர்கள். தாளாளர் முன்னால் செய்யுங்கள்.

வசுந்தரா

மதுரை
17.6.2001

வசுந்தரா,

நீ கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு ராத்திரி சாப்பிடவில்லை. போகட்டும். நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

தாளாளர் ஒரு மணி நேரம் கொடுத்தார். கருப்பு வரக் கூடாது, நான் மட்டும் வரலாம் என்று நிபந்தனை. எந்த மெஷின் என்று அவரையே காட்டச் சொன்னேன். கடிகாரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடும் காலண்டரோடும் வைத்துக் காட்டினேன். சரியாக ஓடியது. சேஃப் மோடில் போட்டதும் திரை பெரிய எழுத்தாகி, நிறம் செத்துப்போய் வந்தது.

"என்னண்ணே, இருக்கிறதையும் கெடுத்துட்டீங்களா?" என்றான் விருமாண்டி.

டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். நெட்வொர்க் கார்டு என்ற இடத்தில் இரண்டு பெயர் இருந்தன. ஒன்று அந்த மலிவுக் கார்டு. இன்னொன்று நம் கம்பெனி கார்டு.

தாளாளர் குனிந்து பார்த்தார். "ரெண்டு இருக்கே? உள்ள ஒண்ணுதான இருக்கு?"

"ஆமா சார். ஒண்ணு இப்ப இருக்கு. இன்னொண்ணு முன்னாடி இருந்துச்சு. நாங்க போட்டது அதுதான்."

"கம்ப்யூட்டர்ல என்னத்த வேணும்னாலும் எழுதிக்கிடலாம் மாமா. நம்பாதீங்க" என்றான் விருமாண்டி.

"அப்ப அடுத்த மெஷினை நீங்களே தொறங்க தம்பி. நான் தொடலை" என்றேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் அவிழ்க்கவே இல்லை. தாளாளரே உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். அதிலும் இரண்டு பெயர். அதற்கடுத்ததிலும் இரண்டு பெயர்.

நான் டூப்ளிகேட் போடவில்லை, வசுந்தரா. உனக்கு எழுதுவதற்காகவே இந்த வரியை எழுதுகிறேன்.

பிறகு தேதி. பார்த்த மெஷினில் எல்லாம் ஒரே தேதி. மே 12. பள்ளி லீவில் இருந்த நாள்.

விருமாண்டி குனிந்து தேதியை வாசித்தான். அப்புறம் கேட்டான்: "லீவுல சாவி வாட்ச்மேன் ரூம்ல ஆணியில தொங்கும். யாரும் எடுக்கலாம். மே பன்னெண்டாம் தேதி உங்க ஆளு எங்கண்ணே இருந்தான்?"

அன்றைக்குத்தான் என் புதுவீட்டுப் பால்காய்ச்சு. கடைக்கு லீவு விட்டு எல்லாரையும் வரச் சொல்லியிருந்தேன். எல்லாரும் வந்தார்கள், கருப்பைத் தவிர.

கடைக்கு வந்து அவனைப் பிடித்தேன்.

"அன்னைக்கு எங்கடா போன?"

"சொந்த வேலைண்ணே."

"என் வீட்டு விசேஷத்தைவிடப் பெரிய சொந்த வேலை என்னடா? அம்மாவுக்கு முடியலைன்னுதான என்கிட்ட சொன்ன?"

வாசலில் இருந்த மலையம்மாள் எழுந்து வந்தாள். "எனக்கு என்ன கேடு? திருச்சியில வேலையின்னு சொல்லிட்டுல்ல போனான்."

என்னிடம் ஒரு பொய், பெற்றவளிடம் ஒரு பொய். "விடுங்கண்ணே" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை அவனிடமிருந்து. கேஸ் எழுதினால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்று தலையாட்டுகிறான்.

நீ சொன்னபடி மெஷினைக் கேட்டேன். அது என்னைக் காப்பாற்றிவிட்டு அவனைக் காட்டிக்கொடுக்கிறது. அந்தத் தேதி தப்பாக இருக்க வழி உண்டா? யோசித்து எழுது.

அழகுபாண்டி

மதுரை
19.6.2001

வசுந்தரா,

மொக்கையன் வெறும் கையோடு வந்தான். கவரை உன் கையில்தான் கொடுத்தானாம். நீ அங்கேயே பிரித்துப் படித்துவிட்டு, சாயங்காலம் வாருங்கள் என்றாயாம். சாயங்காலம் போனால் நீ கீழே வரவே இல்லையாம்.

அந்தத் தேதி தப்பில்லை, அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

நானும் யோசித்துவிட்டேன். கீரைக்கட்டு விற்று, பழைய ரேடியோ விற்று, இந்தக் கடையை நான் நிமிர்த்தியது கண்டவனுக்கும் பதில் சொல்வதற்கு இல்லை. இன்று தாளாளரிடம் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை நான் ஸ்டேஷனுக்கு வருவேன், ஆனால் கருப்புக்காகப் பேச மாட்டேன் என்று. ஜாமீனும் எடுக்கப் போவதில்லை. திருடவில்லை என்றால் எங்கே இருந்தேன் என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு என்ன தடை?

மலையம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளாகவே தெரிந்துகொண்டாள் போல. இன்று கடை வாசலில் காணோம்.

அழகுபாண்டி

பெங்களூர்
20.6.2001

அண்ணே,

மே 12 அன்று கருப்பு இங்கே இருந்தான். என்னோடு.

இதை எழுதத்தான் இரண்டு நாள் ஆனது. தேதி தப்பாக இருக்க வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கடிதத்தைப் பிரித்ததும் நானும் முதலில் அதைத்தான் தேடினேன், ஏதாவது வழி இருக்காதா என்று. இல்லை. தேதி சரி. அவன் இங்கே இருந்ததும் சரி.

மொக்கையன் அண்ணன் வண்டியில் வந்தால் உங்கள் காதுக்கு வந்துவிடும் என்று அரசு பஸ்ஸில் வந்தான். நான் கடையில் விட்டுவிட்டு வந்த ஸ்குரூடிரைவர் செட்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தான். லால்பாக்கில் மழை பிடித்துக்கொண்டது. ஹாஸ்டல் வரவேற்பறையில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தவனுக்கு வார்டன் அம்மாதான் துண்டு கொடுத்தார். அன்றைக்கு முடிவு செய்தோம், கல்யாணம் என்று. உங்கள் பால்காய்ச்சுக்கு வராததற்கு இதுதான் காரணம். கடை மூடியிருக்கும் நாள் அவனுக்கு வேறு கிடைக்கவில்லை.

என் வீட்டில் யாருக்கும் தெரியாது. வில்லாபுரத்தில் அப்பா எங்கள் சௌராஷ்டிர ஆட்களிலேயே ஒரு பையனைப் பார்த்து, ஆவணியில் முடிப்பதாக வார்த்தை கொடுத்திருக்கிறார். அண்ணன் ஹரிராம் மண்டபம் வரைக்கும் பேசிவிட்டான். நானாகச் சொல்லும்வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று கருப்பிடம் சத்தியம் வாங்கினேன். அந்தச் சத்தியத்தைத்தான் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறான், முட்டாள்.

உங்கள் நேற்றைய கடிதத்தில் 'சொல்ல ஒரு மனுஷனுக்கு என்ன தடை' என்று கேட்டிருந்தீர்களே? தடை நான்தான்.

அவனைக் கைவிடாதீர்கள். நான் என்ன செய்ய வேண்டும் என்று நாளைக்குள் யோசித்து எழுதுகிறேன்.

வசுந்தரா

மதுரை
21.6.2001

தாயி வசுந்தரா,

படித்தேன். கருப்பைக் கூப்பிட்டு இரண்டு அறை விட்டேன். பிறகு பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். தின்றுகொண்டே அழுகிறான். "ஏண்டா, என் கடையிலயே இம்புட்டு நடந்திருக்கு, எனக்கு ஒண்ணும் தெரியலையேடா" என்றால், "நீங்க கல்லாவத்தானண்ணே பார்ப்பீங்க" என்கிறான். ஸ்டிக்கர் ஒட்டினேன் என்று என்னைக் குத்தினாய். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒட்டியது அதைவிட நேர்த்தி.

நீ ஒன்றும் யோசிக்க வேண்டாம். நீ வரவும் வேண்டாம். ஸ்டேஷனில் நீ வாய் திறந்தால் சாயங்காலம் வில்லாபுரம் முழுக்கத் தெரியும். உன் அப்பாவை எனக்குத் தெரியும். கத்த மாட்டார், கதவைச் சாத்துவார். கத்துகிறவனைச் சமாளிக்கலாம், அவரை முடியாது.

நான் பார்த்துக்கொள்கிறேன். பால்காய்ச்சு அன்றைக்குக் கருப்பு எங்கள் வீட்டில் காலையிலிருந்து பந்தி பரிமாறினான் என்று சொல்லப் போகிறேன். அவ்வளவு கூட்டத்தில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்று எவனுக்கு ஞாபகம் இருக்கும்? என் வீட்டுக்காரியிடமும் பேசிவிட்டேன். சம்மதம்தான். உன் கல்யாணத்தைப் பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

சரி என்று ஒரு வரி எழுது, போதும்.

அழகுபாண்டி

பெங்களூர்
22.6.2001

அண்ணே,

பால்காய்ச்சுக்கு வீடியோ எடுத்தீர்களா இல்லையா? நீங்கள் எடுக்காமல் இருக்க மாட்டீர்கள். மூன்று மணி நேரக் கேசட். பந்தியை ஓர் இலை விடாமல் வீடியோக்காரன் எடுத்திருப்பான். விருமாண்டி அந்தக் கேசட்டைக் கேட்டால் என்ன செய்வீர்கள்? கருப்பு அதில் எங்கேயும் இருக்க மாட்டான். அப்புறம் கருப்பு திருடன், நீங்கள் கூட்டாளி. சேஃப் மோடில் காட்டியதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மொக்கையன் அண்ணன் வண்டியிலேயே வருகிறேன். திங்கள் காலை ஸ்டேஷனில் நானே சொல்கிறேன். வார்டன் அம்மா போனில் பேசச் சம்மதித்துவிட்டார். அதற்கு முன் என் வீட்டுக்கு யாரும் தகவல் சொல்ல வேண்டாம். அவர்களுக்கும் நானே சொல்கிறேன், அன்றைக்கே.

பயமாகத்தான் இருக்கிறது. அதற்காக எனக்குப் பதில் நீங்கள் பேச வேண்டாம். கடையில் அப்படித்தான் பேசினீர்கள். போதும்.

வசுந்தரா

மதுரை
3.7.2001

தாயி வசுந்தராவுக்கு, அழகுபாண்டி எழுதுவது.

கருப்பு பெங்களூர் வந்து சேர்ந்துவிட்டதாகப் போனில் சொன்னான். ஒரே வருஷத்தில் என் கடையின் இரண்டு கையையும் நீயே எடுத்துக்கொண்டாய். புதிதாக ஒருவனைப் போட்டிருக்கிறேன். டிரைவர் டிஸ்கை வைத்து டீ டம்ளரை மூடுகிறான்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டேஷனில் நீ பேசி முடித்ததும், இன்ஸ்பெக்டர் வார்டன் அம்மாவோடு போனில் பேசியது நீ பார்த்தது. அப்போது தாளாளர் எழுந்து போனாரே, நேராகப் பள்ளிக்குப் போய் வாட்ச்மேனைக் கேட்டிருக்கிறார். சாவி ஆணியிலும் தொங்கவில்லை, ஒன்றிலும் தொங்கவில்லை. மே 12 அன்று விருமாண்டியும் அவன் கூட்டாளி ஒருத்தனும் வந்து, லேபில் பூச்சி மருந்து அடிக்கிறோம் என்று சாயங்காலம் வரை கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்களாம். அந்தக் கூட்டாளி புதிதாக பிரவுசிங் சென்டர் திறந்திருக்கிறான். அங்கே போய் எண்ணைப் பார்த்தோம். என் கடையில் மிச்சமிருந்த கார்டின் எண்ணேதான், மெஷினுக்கு மெஷின். நம் ஸ்டிக்கரைப் பக்குவமாகப் பேர்த்து மலிவுக் கார்டில் ஒட்டியிருக்கிறார்கள். கருப்பு ஃபார்மட் அடித்து டிஸ்கைப் போடும்போது கண்டுபிடிப்பான் என்று விருமாண்டி நினைக்கவில்லை.

மச்சினன் என்பதால் தாளாளர் கேஸ் வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் நான் ஒன்று கேட்டேன், அதைச் செய்தார். கருப்பைத் திருடன் என்று சொன்ன அதே லேபில், அதே வாத்தியார்களை நிற்க வைத்து, "இவர் மேல தப்பு இல்ல" என்று வாயால் சொன்னார். கருப்பு தரையைப் பார்த்தபடி நின்றான். மலையம்மாள்தான் நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

உன் வீட்டு விஷயம் கருப்பு சொன்னான். நீ வில்லாபுரத்துக்குப் போய் வாசலில் நின்றே சொன்னதும், உன் அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும், நீ அப்படியே திரும்பி பஸ் ஏறியதும். அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. நான் சொன்ன பொய்யை நீ ஏற்றுக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது என்று ஒரு நாள் நினைக்கிறேன். மறுநாள் அந்த வீடியோ கேசட் ஞாபகம் வருகிறது.

இந்தக் கடிதம் எழுத வேறு காரணம் இருக்கிறது.

நேற்று கடை திறந்ததும் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உன் அண்ணன் ஹரிராம். மடியில் ஒரு சி.பி.யு. நீ வீட்டுக்கென்று பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த மெஷின்தான், பார்த்ததும் தெரிந்தது. சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நான் கல்லாவை விட்டு எழுந்து நின்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இதுல இன்டர்நெட் வரணும்னா என்ன போடணும்ணே?"

"மோடம் போடணும் தம்பி. வீட்டுல போன் இருக்குல்ல?"

"இருக்கு. போடுங்க."

விலை சொன்னேன். பேரம் பேசவில்லை. உங்கள் வீட்டு ஆள் பேரம் பேசாமல் நிற்கிறான் என்றால் மனசில் வேறு ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். டப்பாவைப் பிரித்தேன். பழக்கத்தில் கம்பெனி ஸ்டிக்கரைப் பேர்க்க நகம் போய்விட்டது. அப்படியே விட்டுவிட்டேன். கார்டைச் செருகி மெஷினைப் போட்டோம். புது ஹார்டுவேர் வந்திருக்கிறது என்று திரையில் காட்டியதும் பையன் பதறிப்போனான்.

"இது ஒவ்வொரு தடவையும் இப்பிடிச் சொல்லுமாண்ணே? அப்பா பார்த்துட்டா?"

"இன்னைக்கு மட்டும்தான். இனி வீட்டு ஆளு மாதிரி ஒண்ணும் சொல்லாது."

உங்கள் பாஷையில் தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டான். எனக்குப் புரியவில்லை. வயரைச் சுற்றி, சி.பி.யு.வைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டு, மறந்துபோன எதையோ எடுக்க வந்தவன் மாதிரி திரும்பி வந்தான். "அவ ஈமெயில் உங்ககிட்ட இருக்கா?" என்றான். எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அம்மா கேட்டாங்க" என்றான்.

இன்றைக்கோ நாளைக்கோ உனக்கு ஒரு மெயில் வரும். இரண்டு வரிதான் இருக்கும், திட்டக்கூடச் செய்யலாம். எதுவாக இருந்தாலும் அன்றைக்கே பதில் போடு. மொக்கையனைக் கீழே நிற்க வைத்த மாதிரி அவர்களை நிற்க வைத்துவிடாதே.

அழகுபாண்டி